வாசலில் வைத்த தட்டு

மணி பன்னிரண்டரை ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. பள்ளிக்கூட கேட்டின் தூணுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஓரம் நசுங்கிய அலுமினியத் தட்டில் மிச்சக் கிச்சடியைத் தட்டினேன். லேசாக அடிப்பிடித்த வாசனை. மஞ்சள் நாய் வந்து வாயை வைத்தது. அது சாப்பிடுகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். சளப் சளப்பென்று, பேச்சே இல்லாமல், வேலையில் மட்டும் கவனமாக.

பெல் அடித்தது.

எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற அழகை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மாடிப்படியில் மூட்டை அவிழ்ந்த பயறு மாதிரி கொட்டுவார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் மூன்றாம் வகுப்பு மகேஸ்வரியின் தண்ணீர் பாட்டில் தோளிலிருந்து நழுவியது. உருண்டு உருண்டு நேராக நாயின் தட்டுக்கிட்டே போய் நின்றது. அவள் எடுக்கக் குனிந்தாள்.

அவ்வளவுதான். ஒரு உறுமல். ஒரு அலறல். பிள்ளையின் முன்கையில் இரண்டு பொட்டு ரத்தம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே பிள்ளையைத் தூக்கவில்லை. தட்டைக் காலால் தூணுக்குப் பின்னால் தள்ளினேன். கையிலிருந்த டப்பாவை முந்தானைக்குள் மறைத்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையிடம் ஓடினேன்.

இந்த வாரம் பத்திரிகைக்கு இதைத்தான் எழுதணும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் பம்பாய் மாட்டுங்காவில் வீட்டு வேலை பார்த்த காலத்தை எழுதினேன். அது எழுதச் சுலபமாக இருந்தது, அதில் தப்பெல்லாம் மற்றவர்கள் செய்தது. நாலு பேர் கூடினால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள். எழுதும்போது யார் முகமும் எதிரே இல்லை. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

கிச்சடி என்று ஒரு நாய்

தாராவியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை, மதியச் சாப்பாட்டைப் பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, வகுப்பு கூட்டுவது. பிள்ளைகளுக்கு நான் மாவ்ஷி, மராத்தியில் சித்தி. பம்பாயில் பள்ளிக்கூடத்து வேலைக்காரப் பெண்பிள்ளைகள் எல்லோருமே மாவ்ஷிதான். சொர்ணம் என்ற பெயர் சம்பள நோட்டில் மட்டும் இருக்கிறது.

கொரோனா வந்து எல்லாவற்றையும் இழுத்து மூடினார்கள் அல்லவா, அப்போது வாட்ச்மேன் தன் ஊருக்குப் போய்விட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் திறந்து கூட்டச் சொல்லி ஹெட்மாஸ்டர் என்னிடம் சாவி கொடுத்தார். காலி வகுப்புகள். பலகையில் மார்ச் மாதத்துக் கணக்கு அப்படியே கிடந்தது. ஊரே வாயில் துணி கட்டிக்கொண்டு பேசாமல் இருந்த காலம் அது. எனக்கு அது ஒன்றும் புதுசாக இல்லை.

அப்போதுதான் கேட்டுக் கம்பி இடுக்கு வழியாக அந்தக் குட்டி உள்ளே வந்தது. பொட்டை. உடம்பெல்லாம் மஞ்சள், அதில் கடுகு வெடித்த மாதிரி கறுப்புப் புள்ளி. வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றில் பாதியை வைத்தேன். அடுத்த தடவை நான் பூட்டைத் திறக்கும் முன்னாலேயே கேட்டில் நின்றது.

பள்ளிக்கூடம் திறந்தபோது அது முழு நாயாகிவிட்டது. இரண்டு வருஷம் தன்னந்தனியாக ஆண்ட இடத்தில் திடீரென்று இத்தனை பிள்ளைகள். கொஞ்ச நாள் படிக்கட்டின் அடியில் ஒளிந்திருந்து, அப்புறம் பழகிவிட்டது. நிறத்தைப் பார்த்து 'கிச்சடி' என்று பேர் வைத்தது பிள்ளைகள்தான்.

மிச்சச் சாப்பாடு வெளியே போகக் கூடாது என்பது ஹெட்மாஸ்டர் உத்தரவு. வந்த அண்டாவிலேயே திரும்பணும். ஆனால் அண்டாவின் அடியைச் சுரண்டினால் ஒரு டப்பா வரும். அதைக் கொட்ட எனக்கு மனசு வராது. ஹெட்மாஸ்டர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வளாகம் முழுக்கத் தெரியும், ஒரே ஒரு இடம் தவிர. கேட்டின் தூணுக்குப் பின்னால்.

அதனால்தான் அங்கே வைத்தேன். நாய்க்கு எது நல்ல இடம், பிள்ளைகளுக்கு எது நல்ல இடம் என்று பார்க்கவில்லை. எனக்கு எது மறைவான இடம் என்று பார்த்தேன்.

சுண்ணாம்பு, சோப்பு, கோணி

பிள்ளை அலறினதும் எதிர்த்த டீக்கடைக்காரம்மா கையில் சுண்ணாம்போடு ஓடி வந்தாள். "வை, வை, சுண்ணாம்பு வச்சா விஷம் இறங்கிரும்!" கூட்டத்தில் ஒருவர் மிளகாய்ப்பொடி என்றார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வைத்தியம்.

ஜெயந்தி டீச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். செம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிற, ஒல்லியான, சின்ன வயசு டீச்சர். "யாரும் ஒண்ணும் தடவாதீங்க" என்று பிள்ளையைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்பு போட்டுக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். முழுசாகக் கால் மணி நேரம். மகேஸ்வரி அழுது முடித்து, "டீச்சர், கை விறைச்சிருச்சு" என்று சொன்ன பிறகும் விடவில்லை. அப்புறம் டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

ஊசி போட்டு அவர்கள் திரும்பி வரும்போது மகேஸ்வரியின் அப்பா இசக்கி கேட்டில் நின்றார். தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

"எங்க அந்த நாயி? இன்னைக்கே கோணியில கெட்டி டிராம்பே உப்பங்கழியில கொண்டு விட்டுருதேன்."

"அண்ணா, டாக்டர் என்ன சொன்னாருன்னு கேளுங்க. கடிச்ச நாயைப் பத்து நாள் கண்ணுல வச்சுக்கணுமாம். அது நல்லா இருக்கான்னு பார்க்கணும். துரத்திட்டா எப்படிப் பார்க்கிறது?"

"அதுவரைக்கும் வேற புள்ளயக் கடிச்சா?"

"கடிக்காம நான் பார்த்துக்கிறேன். பிள்ளைங்களும் பார்த்துப்பாங்க."

"புள்ளைங்க பார்க்குமா? நல்லா இருக்கு டீச்சர். எம் மகளக் கடிச்சிருக்கு, நீங்க அதுக்குப் பரிச்ச வைக்கீய!" அவர் நாயைப் பார்த்தார். அது படிக்கட்டின் அடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. "சரி. பத்து நாளுல்லா? பதினோராம் நாளு கோணியோட வாரேன். அவ்வளவுதான்."

அந்தப் பதினோராம் நாள் சனிக்கிழமை. பெற்றோர் கூட்டம் வைத்து முடிவு செய்வோம் என்றார் ஹெட்மாஸ்டர்.

நான் மகேஸ்வரிக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் கையையே பார்த்தாள். டப்பா இன்னும் என் முந்தானைக்குள் இருந்தது.

தட்டான்பூச்சியும் கல்லும்

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் வாத்தியார், பிற உயிருக்கு இரங்கு என்று பலகையில் எழுதிப் போட்டு இருபது தரம் எழுதச் சொல்வார். எழுதுவோம். எழுதி முடித்ததும் வெளியே ஓடித் தட்டான்பூச்சி பிடிப்போம். வாலில் நூலைக் கட்டி, கீழே கல்லை வைப்போம். அது கல்லைக் காலால் பற்றித் தூக்கும். யாருடைய தட்டான் பெரிய கல்லைத் தூக்குகிறதோ அவருக்கு ஜெயம்.

நான் பாட்டிலும் இல்லை, ஓட்டத்திலும் இல்லை. தட்டான் பிடிக்க மட்டும் என்னை அடிக்க ஆள் கிடையாது. சத்தமில்லாமல் கிட்டே போவேன். ஒருநாள் வாத்தியாரே நின்று பார்த்து, "சொர்ணத்தோட தட்டான்தான்ல பயில்வான்" என்றார். என் வாழ்க்கையில் பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஒரே பாராட்டு.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் நூல் இருக்கும், கல் இருக்கும்.

அந்தக் காலத்தில் எல்லோரும் வாயில்லா ஜீவன்களிடம் கருணையாக இருந்தோம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்த நூல்தான் ஞாபகம் வரும். அந்தப் பாடத்தை நான் இருபது தரம் எழுதியவள். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

பத்து நாள் பாடம்

ஜெயந்தி டீச்சர் பலகையில் ஒரு வரி எழுதவில்லை. மறுநாள் மூன்றாம் வகுப்பில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நான் வராந்தா கூட்டிக்கொண்டிருந்தேன்.

"கிச்சடி கிட்டே யாரும் போகக் கூடாது. கல்லு எடுக்கக் கூடாது. பார்த்ததும் ஓடக் கூடாது. அதுவா கிட்டே வந்தா என்ன செய்யணும்? மரம் ஆயிடணும். கையைக் கட்டிக்கோ. தரையைப் பாரு. மரம் கத்துமா?"

"கத்தாது டீச்சர்!"

"அப்ப நீங்க ஏன் கத்துறீங்க?"

வகுப்பே மரமாக நின்றது. இரண்டு நிமிஷம்கூட இல்லை, "டீச்சர், சந்தோஷ் மரம் சிரிக்குது!" என்று ஒரு மரம் புகார் சொன்னது.

அப்புறம்தான் வேலை கொடுத்தார். ஆளுக்கு ஒரு தாள். பிள்ளைகள் முறை வைத்து மாடி ஜன்னலில் நின்று, கிச்சடி என்ன நேரத்தில் என்ன செய்கிறது என்று பார்த்து எழுதணும். கண்ணால் பார்த்ததை மட்டும். நினைத்ததை எழுதக் கூடாது, யாரோ சொன்னதை எழுதக் கூடாது.

"டீச்சர், கிச்சடி குசு விட்டுச்சு. எழுதவா?"

"சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல டீச்சர். அதுவே திரும்பி வாலைப் பார்த்துச்சு."

"அப்போ திரும்பி வாலைப் பார்த்துச்சுன்னு எழுது. நேரம் போடு."

எங்கள் பிள்ளைகளுக்கு ஹிந்தி தண்ணீர் மாதிரி ஓடும், தமிழ் எழுதச் சொன்னால் நாக்கை வெளியே நீட்டிக்கொள்வார்கள். அந்தப் பத்து நாளில் அவர்கள் எழுதியது ஒரு வருஷத்துக்குச் சமம். தண்ணீர் லாரி வந்தால் கிச்சடி எழுந்து வழி விடுகிறது. காலை பிரார்த்தனைக்கு நாங்கள் நிற்கும்போது அதுவும் உட்காருகிறது. தாள்களைச் சேர்த்துப் பார்த்தால், ஜன்னலில் நிற்காத பிள்ளையே இல்லை. கல் எறிகிற இரண்டு மூன்று வால்பையன்கள்கூட, எறிந்தால் அது ஓடிவிடும், அப்புறம் எழுத ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டார்கள்.

மகேஸ்வரி ஒரு நாள் விட்டு, வெள்ளிக்கிழமை வந்தாள். கீழே இறங்கவே பயம். மற்றவர்கள் முறை வைத்துப் பார்த்தார்கள், அவள் முழு நேரமும் மாடி ஜன்னலிலேயே இருந்தாள். கேட்டுப் பக்கத்து ஜன்னல்.

நான் என்ன செய்தேன் என்றால், கடித்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தட்டு வைக்கவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. அது தூணடியில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. தட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன். ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்தேன். கீழே, டீச்சர் பிள்ளைகளை வரிசையாகத் தூரத்துச் சுவரை ஒட்டி அனுப்புவார். தூணுக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது.

மாடி ஜன்னலிலிருந்து தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஜன்னலிலிருந்து தெரிந்தது

கூட்டத்துக்கு முதல் நாள் மதியம், பிள்ளைகள் போன பிறகு மூன்றாம் வகுப்பைக் கூட்டப் போனேன். சுவரில் பெரிய காகிதம். எல்லோருடைய தாளையும் வெட்டி ஒட்டி, கலர் பென்சிலில் படம் போட்டிருந்தார்கள். விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

கடைசியில் மகேஸ்வரியின் தாள்.

'12.20 தட்டு வருது. கிச்சடி வால் ஆட்டுது. 12.30 பெல். பிள்ளைங்க வருது. கிச்சடி பல்லு காட்டுது. தட்டு வராத நாள் கிச்சடி பல்லு காட்டலை. தூங்குது.'

பக்கத்தில் படம். தூண். தட்டு. தூணுக்குப் பின்னாலிருந்து நீளுகிற ஒரு கை. கையில் இரண்டு பச்சை வளையல், நடுவில் ஒரு சிவப்புக் கயிறு.

நான் என் கையைப் பார்த்தேன். இரண்டு பச்சை வளையல். நடுவில் சிவப்புக் கயிறு.

"மாவ்ஷி."

திரும்பினேன். மகேஸ்வரி. அதே தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போய் எடுக்க வந்திருக்கிறாள்.

"உங்க பேரு எழுதலை" என்றாள்.

"ஏம்ட்டி எழுதல?"

"டீச்சர் சொல்லிருக்காங்கல்ல? பார்த்ததை மட்டும்தான் எழுதணும். ஜன்னல்லேருந்து கைதான் தெரிஞ்சது."

"முகம் தெரியலயா?"

"தெரியலை." பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வளையல் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவிட்டாள்.

மாமியின் மதில்

மாட்டுங்கா வீட்டு மாமியைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். ஒன்று விட்டுப்போயிற்று.

அந்த வீட்டில் காக்காய்க்குச் சோறு வைக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். பின்பக்க மதிலில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். ஒருநாள் நல்ல மழை. மதிலுக்குப் போகச் சோம்பல் பட்டு, சமையற்கட்டு ஜன்னல் திண்டிலேயே உருண்டையை வைத்தேன். காக்காய் வந்து சாப்பிட்டது. மறுநாளும் மழை, மறுநாளும் அங்கேயே வைத்தேன். மூன்றாம் நாள் அது உள்ளேயே வந்து, பொரித்து வைத்த அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு, பாயசப் பாத்திரத்திலும் காலை வைத்துவிட்டுப் போயிற்று. நான் கரண்டியை ஓங்கிக்கொண்டு, "சனியனே, திருட்டுக் காக்காய்" என்று திட்டினேன்.

மாமி கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதை ஏண்டி வையறே? நீ எங்கே கூப்பிட்டியோ அங்கே வந்தது. இது மதில், இது சமையல்கட்டுன்னு காக்காய்க்கு என்ன தெரியும்? உனக்குன்னா தெரியணும்!"

அன்றைக்குச் சிரித்துவிட்டு மறந்தேன். அந்த வெள்ளிக்கிழமை, காலி வகுப்பில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மாமியின் குரல் கேட்டது.

புரிந்தது. புரிந்து என்ன? சனிக்கிழமை காலை குளிக்கும்போது சோப்பைப் போட்டு வளையல்களைக் கழற்றினேன். கயிற்றையும் அறுத்தேன். இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. மகனுக்குப் பாரமாக உட்காரணும். அந்தப் பயத்தில் மாமியாவது காக்காயாவது.

பதினோராம் நாள்

பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இசக்கி மட்டும் உட்காரவில்லை. கக்கத்தில் மடித்த கோணி. நான் டீ கிளாஸ் தட்டோடு ஓரமாக நின்றேன்.

டீச்சர் அந்தப் பெரிய காகிதத்தைப் பலகையில் மாட்டினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து படித்தார்கள். வாலைத் திரும்பிப் பார்த்தது வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் மகேஸ்வரி தன்னுடையதைத் திக்கித் திக்கிப் படித்து முடித்தாள்.

"இவ்வளவுதாங்க விஷயம்" என்றார் டீச்சர். "கிச்சடிக்கு வெறி இல்லை. பத்து நாளும் நல்லா இருக்கு. தட்டு பக்கத்துல கூட்டம் வந்தா மட்டும்தான் பயப்படுது. தட்டு வேற இடத்துக்கு, வேற நேரத்துக்குப் போயிட்டா பிரச்சினை இல்லை."

"தட்டு வருது, தட்டு வருதுங்கீயளே, தட்டுக்குக் காலா முளைச்சிருக்கு?" என்றார் இசக்கி. "யாரு வைக்கா?"

"யாரும் வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அப்ப வைக்கிற ஆளு ஒங்க பேச்சையே கேக்காத ஆளு. நாளைக்கும் வாசல்லதான் வைக்கும். ஆளு தெரியட்டும், பேசுவோம். ஆளு தெரியலன்னா நாயி போவட்டும்." கோணியை உதறினார்.

டீச்சருக்கு அந்தக் கை யாருடையது என்று தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். காத்திருந்தார்.

"ஏட்டி மகேசு, நீதான வரைஞ்ச. யாரு கை அது?"

மகேஸ்வரி நிமிர்ந்தாள். டீ தட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். வெறும் கை. வளையல் இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வட்டம். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. நான் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது போல. உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"கைதான் தெரிஞ்சது" என்றாள் மெதுவாக.

"பொய் சொல்லாதட்டி. பத்து நாளா ஜன்னல்ல நின்னுட்டு..."

"அது என் கை."

யாரோ சொன்ன மாதிரி இருந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியபோதுதான் சொன்னது நான் என்று தெரிந்தது. பக்கத்தில் கதவு இருந்தது. போகவில்லை.

"நீங்களா பெரியம்மா?" இசக்கிக்கு நம்ப முடியவில்லை. "ஊசி போட்டுட்டு வந்தன்னைக்கு இவளுக்கு பிஸ்கட் குடுத்தீய. அப்பவாது சொல்லியிருக்கலாம்லா?"

"பயமா இருந்துச்சு."

"யாருக்குப் பயந்தீய? நாய்க்கா?"

"நாய்க்கு இல்ல. உங்களுக்கு. பெரிய சாருக்கு. எல்லாருக்கும்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"நாய் மேல தப்பில்ல தம்பி" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "அது தன் தட்டக் காத்துச்சு. பசியில தின்னுற எதுவும் அப்படித்தான் செய்யும். நான் வச்ச இடம் தப்பு. பெரிய சார் கண்ணுல படாம வைக்கணும்னு பிள்ளைங்க வார வழியில வச்சேன். உங்க பிள்ள கையில பல்லு பட்டது என்னாலதான். கோணி வேணும்னா என்னையக் கெட்டுங்க."

எங்கோ மேலே ஃபேன் கிரீச்சிட்டது.

பர்தா போட்ட ஒரு அம்மா, அடுத்த வகுப்புப் பிள்ளையின் தாய், முன் பெஞ்சிலிருந்து கேட்டாள். "அதெல்லாம் விடுங்க. இனிமே எங்க வைப்பீங்க? எத்தனை மணிக்கு?"

அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியாது. திட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வேலையைக் கேட்டாள்.

"பின்னால, தண்ணித் தொட்டிச் சுவரடியில" என்றேன். "பிள்ளைங்க கிளாஸ்ல இருக்கும்போது, பதினோரு மணிக்கு. அது தின்னு முடிக்கிற வரைக்கும் நான் நிப்பேன். தட்ட எடுத்துக் கழுவிட்டுத்தான் வருவேன். பெரிய சார் சம்மதிச்சா."

எல்லோரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊசியும் போடணும், குட்டி போடாம இருக்க ஆபரேஷனும் பண்ணணும். அதுக்கு ஆள் வரச் சொல்றேன்" என்றார்.

இசக்கி மகளைப் பார்த்தார். அப்புறம் கோணியை நாலாக மடித்து, பெஞ்சில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஒரு மாசம் பாக்கேன்" என்றார். "டீ ஆறிப்போச்சா பெரியம்மா?"

தொட்டிச் சுவரடி

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் அறையில் எனக்குத் தனியாகத் திட்டு கிடைத்தது. "என்னைக் கேட்டிருந்தா நானே ஒரு இடம் காட்டியிருப்பேனேம்மா" என்றார். கேட்கத் தெரிந்திருந்தால் இத்தனை கதை எதற்கு? "இனிமே கேக்கேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

வண்டியில் ஆட்கள் வந்து, வலை போட்டுக் கிச்சடியைக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகள் மரமாக நின்று பார்த்தார்கள். இரண்டு மூன்று மரங்கள் அழுதன. சில நாளில் அதே வண்டியில் கொண்டுவந்து அதே கேட்டில் விட்டார்கள். இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. ஊசியும் ஆபரேஷனும் ஆன நாய்க்கு அதுதான் அடையாளமாம். கிச்சடிக்கு ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ் என்று பிள்ளைகள் தெரு முழுக்கச் சொன்னார்கள். வெங்காயமும் மசாலாவும் போட்ட சாப்பாடு நாய்க்கு ஆகாது என்று அந்த ஆட்கள் என்னைக் கண்டித்தார்கள். இவ்வளவு நாளாக அதிலும் தப்புத்தான் செய்திருக்கிறேன். இப்போது வீட்டிலிருந்து வெறும் சோறும், வேகவைத்த கோழிக்காலும் கொண்டுபோகிறேன்.

அந்த ஒரு மாசம் முடிந்த அன்று இசக்கி கேட்டுக்கு வந்தார். பட்டறையில் தைத்த ஒரு கழுத்துப் பட்டை. சிவப்பு நிறம், பித்தளைக் கொக்கி.

"தோல்லதான் தைக்கப் போனேன். இது எந்த மாட்டுத் தோலு, அந்த மாடு அழுதுச்சான்னு மகேசு உசிர எடுத்துட்டா. எல்லாம் ஒங்க டீச்சர் குடுக்கிற எடம். ரெக்ஸின்ல போட்டுருக்கேன்" என்று முறைப்பாகச் சொல்லி என் கையில் கொடுத்தார். கொஞ்சம் நின்று, "வளையலப் போட்டுட்டீய போல" என்றார்.

போட்டுவிட்டேன். கூட்டத்தன்று வீட்டுக்குப் போனதுமே, டப்பாவைத் திறந்து.

மகேஸ்வரி இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தப் பெரிய காகிதம் இன்னும் மூன்றாம் வகுப்புச் சுவரில்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. கூட்டம் நடந்த மறுவாரம் அவள் அதில் ஒரு புதுத் தாள் ஒட்டினாள். நான் ஒவ்வொரு நாளும் கூட்டும்போது அதைப் படிக்கிறேன். இப்போது எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை.

தண்ணீர்த் தொட்டி, தட்டு, நாய். பக்கத்தில் ஒரு பொம்பளை, கொண்டை, கண், மூக்கு, சேலைக் கரை, காலில் செருப்பு, எல்லாவற்றோடும் முழுசாக. கையில் இரண்டு பச்சை வளையல். கீழே எழுதியிருக்கிறாள்:

'11.00 சொர்ணம் மாவ்ஷி வர்றாங்க. பின் ஜன்னல்லேருந்து முழு ஆளும் தெரியுது. கிச்சடி வால் ஆட்டுது.'